அத்தானின் சல்லடை

எங்கள் அத்தானுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பால்காரர் மேல் கிடையாது. "இன்னைக்குத்தான் வந்த சரக்கு" என்று சத்தியம் செய்கிற கடைக்காரர் மேல் சுத்தமாகக் கிடையாது. லிஃப்டில் ஏறினால், எவ்வளவு எடை தாங்கும் என்று போட்டிருக்கும் தகட்டைப் படிப்பார், உள்ளே நிற்பவர்களை மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பார், பிறகு வெளியே வந்து படியில் ஏறிப் போவார். வீட்டை விட்டுக் கிளம்பும்போது வாசலில் நின்று அக்காவைக் கேட்பார்.

"கேஸ் மூடினியா?"

"மூடியாச்சு."

அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவார். கல்யாணமான நாளிலிருந்து இதே கூத்துதான். "என் மேல உங்களுக்கு நம்பிக்கையே இல்லையா?" என்று அக்கா ஒரு தடவை கேட்டே விட்டாள். "உன் மேல இருக்கு. அந்தக் குழாய் மேல இல்ல" என்றார் மனிதர்.

நான் அக்காவின் தங்கை. அத்தானைக் கேலி செய்வது என் பிறப்புரிமை, அதை நான் ஒருநாளும் வீணாக்கியதில்லை. போதாக்குறைக்கு மூன்று பேரும் ஒரே இடத்தில் வேலை பார்த்தோம். அது ஒரு குரல் பதிவுக்கூடம். லிஃப்டுக்குள் "கதவு மூடுகிறது" என்று சொல்கிற குரல், போனில் நம்மைக் காக்க வைத்துவிட்டு நன்றி சொல்கிற குரல், நடைமேடை அறிவிப்பு, பள்ளிப் பாடங்களின் ஒலிவடிவம் எல்லாம் அங்கேதான் பதிவாகும். கீழே கண்ணாடி அறை. அதற்குள் மைக் முன்னால் அக்கா. பக்கத்து அறையில் நான், வெட்டி ஒட்டுகிற எடிட்டர். மாடியில் ஏசி உறுமுகிற ஓர் அறையில் ஹார்ட் டிஸ்க்குகளுக்கு நடுவே அத்தான். இத்தனை வருடம் பதிவானது எல்லாம் அவர் காவலில்தான் இருந்தது.

அங்கே அவருக்குப் பெயர் சல்லடை. காரணம் இருக்கிறது. ஒரு பதிவுக்கூடத்தில் சேர்கிற கோப்புகளுக்குக் கணக்கு வழக்கே கிடையாது. ஒலி, படம், எழுத்து, மென்பொருள் தானாகப் போட்டு வைக்கிற குப்பை, விளம்பரக்காரர் அனுப்பிய சின்னம், எவனோ தன் குழந்தையின் பிறந்தநாள் போட்டோவைத் தவறிப்போய் ஏற்றியது என்று எல்லாம் ஒரே அண்டாவில் கிடக்கும். "ஒலியை மட்டும் எடுத்துக் குடுங்க" என்றால் கையால் பொறுக்க ஓர் ஆயுசு போதாது. அத்தான் இதற்காகவே பைத்தான் கற்றுக்கொண்டார். அது கணினிக்கு வேலை சொல்கிற மொழி. சில வரி எழுதி வைத்தால் போதும், அது ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, பெட்டிக்குள் பெட்டி இருந்தால் அதையும் திறந்து, கோப்பின் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும். 'வேவ்' என்றிருந்தால் ஒலி, இந்தப் பக்கம் போ. 'ஜேபெக்' என்றிருந்தால் படம், அந்தப் பக்கம் போ. அந்தக் கடைசித் துண்டுக்கு அத்தான் வைத்த பெயர் வால்.

ஆனால் வாலைப் பார்த்து ஆளை நம்புகிற பேர்வழியா அவர்? "வாலை யாரு வேணா ஒட்டிக்கலாம் சின்னவளே. படத்துக்கு வேவ்னு வால் ஒட்டினா அது பாடிருமா?" என்பார். அதனால் அவர் சல்லடை இன்னொரு வேலையும் செய்தது. கோப்பைத் திறந்து, உள்ளே முதலில் இருக்கிற எழுத்துகளைப் படித்தது. ஒலிக்கோப்பு என்றால் அங்கே அதற்கென்று ஓர் அடையாளம் இருக்கும். வாலும் அடையாளமும் ஒத்துப்போனால்தான் உள்ளே விடுவார். ஒத்துப்போகாவிட்டால் ஒதுக்கி வைத்து விசாரணை.

ஒருநாள் இந்தச் சந்தேகம் எங்கள் எல்லோரையும் காப்பாற்றியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாடிக்கையாளர் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது, கூடவே ஒரு கோப்பு. பார்வைக்கு வெறும் பிடிஎஃப். முதலாளி திறக்கக் கை வைத்துவிட்டார். அத்தான் ஓடிவந்து கையைத் தட்டிவிட்டார். அதற்கு இரண்டு வால். முன்னால் காட்டுவதற்கு ஒரு வால், பின்னால் கடிப்பதற்கு ஒரு வால். திறந்திருந்தால் எங்கள் கணினி எல்லாவற்றையும் எவனோ பூட்டிவிட்டுப் பேரம் பேசியிருப்பான். முதலாளி அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. அதன் பிறகு சல்லடையில் என்னென்ன விதி சேர்த்தார் என்பது யாருக்கும் தெரியாது, கேட்டாலும் சொல்ல மாட்டார். "விதியை வெளிய சொன்னா திருடன் வழிய மாத்திக்குவான்" என்பார். திரையைக்கூட எங்களுக்குக் காட்டாமல் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருப்பார்.

அக்காவும் அவரும் சேர்ந்த கதையும் சந்தேகத்தில் தொடங்கியதுதான். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாடியில் உட்கார்ந்து அவள் பதிவு ஒன்றைக் கேட்டிருக்கிறார். ஒரு பக்கம் முழுக்க ஒரு தடுக்கல் இல்லாமல், மூச்சு வாங்காமல் வாசித்திருந்தாள். "மனுஷி இப்பிடி வாசிக்க முடியாது. வெட்டி ஒட்டியிருக்கீங்க" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். "இல்லைங்க, ஒரே டேக்" என்றேன், நிறுத்தாமல் ஒரே தடவையில் பதிந்தது என்று அர்த்தம். நம்பவில்லை. கீழே வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார். அடுத்த நாளும் வந்து நின்றார். அதற்கடுத்த நாளும். சோதித்துப் பார்க்க வந்தாராம்! அக்கா ஒருநாள் மைக்கிலேயே கேட்டாள், "வெளிய நிக்கறவரு உள்ள வந்து உக்காந்தே சோதிக்கலாமே?" என்று. அந்தச் சோதனை கல்யாணத்தில் முடிந்தது.

கல்யாணம் ஆனபிறகு மாடிக்கும் கண்ணாடி அறைக்கும் நடுவே இருந்த இன்டர்காமுக்கு ஓய்வே கிடையாது. அக்கா நடுப்பதிவில் இருப்பாள். வாசலில் சிவப்பு விளக்கு எரியும். மாடியிலும் ஒரு சிவப்பு விளக்கு உண்டு, அதுவும் எரியும். "பல்பை எல்லாம் நம்பிக்கிட்டு" என்று அத்தான் பொத்தானை அமுக்கிவிடுவார். வீட்டைப் பூட்டினோமா, தண்ணீர்க் குழாய் சொட்டுகிறதா, கேஸ். ஒரு டேக் போச்சு. அக்கா தலையில் அடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

இதுகூடப் பரவாயில்லை. எடிட்டிங்கில் நல்ல டேக்கை விட்டுவிட்டுக் கெட்ட டேக்கை ஒட்டிவிடுவோம் என்று ஒரு பயம் அவருக்கு. எடிட்டிங் என்றால் நான்தான். சொந்த மச்சினி! "எந்த டேக் நல்லதுன்னு நீயே உன் கையால குறிச்சு வை. எவரையும் நம்பாதே" என்று அக்காவை நச்சரித்துக்கொண்டே இருந்தார். அவளும் குறித்து வைத்தாள். எப்படிக் குறித்தாள் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. புருஷன் தொல்லை விட்டால் போதும் என்று இருந்தவள் அவள்.

பிறகு அக்காவின் தொண்டை கட்டியது. முதலில் சளி என்றோம். வெந்நீர், மாத்திரை, பேசாமல் இரு. மாதக்கணக்கில் ஆகியும் கட்டு விடவில்லை. கண்ணாடி அறையில் வேறு பெண் வந்து உட்கார்ந்தாள். இரண்டு டாக்டர் பார்த்தார்கள். அத்தான் இரண்டு பேரையும் நம்பாமல் மூன்றாவது ஒருவரிடம் கூட்டிப் போனார். மூன்று பேரும் ஒன்றையே சொன்னார்கள். உள்ளே வளர்ந்திருப்பது நல்லதில்லை, குரல்வளையை எடுத்தால்தான் உயிர். அத்தான் நம்பிய முதல் செய்தி இதுவாகத்தான் இருக்கும். அதைப் போய் நம்பினாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒருவர் இருந்தார். அவர்தான் அந்த விஷயத்தைச் சொன்னார். "இவங்க பழைய குரல் பதிவு ஏதாவது இருக்கா? பாட்டு, மியூசிக் எதுவும் கலக்காம, வெறும் குரல். அது போதுமான அளவு இருந்தா, அதை வச்சு ஒரு செயலி பண்ணிக் குடுப்பாங்க. இவங்க டைப் பண்ணா இவங்க குரல்லயே பேசும். இப்ப இருக்கற குரல் வச்சுப் பண்ண முடியாது. கட்டிப்போச்சு."

அத்தான் சிரித்தே விட்டார். "இருக்காவா? மாடி முழுக்க இருக்கு!"

அன்றைக்கே மாடிக்கு ஓடினார். நான் கீழே வேலையில் இருந்தேன். இன்டர்காம் அடித்தது. "மேல வா" என்றார். குரல் சரியில்லை.

திரை முதல்முறையாக என் பக்கம் திரும்பியிருந்தது. அக்காவின் பெட்டிகள் வரிசையாகத் திறந்திருந்தன. கோப்புகளுக்குக் குறைவில்லை. ஒன்றை இயக்கினார். "இந்த நடைமேடையில்" என்று அக்கா தொடங்கி, தடுக்கி, "ச்சே" என்றாள். நிறுத்தினார். இன்னொன்று. இருமல். நிறுத்தினார். இன்னொன்று. பாதியில் சிரிப்பு. நிறுத்தினார்.

"பாத்தியா?" என்றார்.

"என்னத்தை?"

"எல்லாம் கழிச்ச டேக். நல்ல டேக் ஒண்ணு, ஒரே ஒண்ணுகூட இல்ல."

அக்கா இத்தனை வருடம் வாசித்ததில் தேறியது மொத்தமும் காணோம். மிச்சம் இருந்தது குப்பை.

"டிஸ்க் கெட்டிருக்குமோ, அத்தான்?"

"கெட்டா எல்லாம் சேர்ந்து கெடும். நல்லது எது கெட்டது எதுன்னு டிஸ்குக்குத் தெரியுமா? இது பொறுக்கி எடுத்தது. குரல் தெரிஞ்சவன் பொறுக்கி எடுத்தது."

சொன்னால் வெட்கம், ஆனால் எனக்கும் முதலாளி மேல்தான் சந்தேகம் போயிற்று. சில காலம் முன்பு ஒருவர் வந்திருந்தார், மழைக்கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, காலணி சத்தம் கேட்காமல் நடக்கிற ஆள். பேசும் இயந்திரங்களுக்குக் குரல் வாங்குகிறவர் என்று சொன்னார்கள். முதலாளி அவரோடு கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார். போகும்போது அந்த ஆள் கண்ணாடி அறையை எட்டிப் பார்த்து, "அருமையான ரூம்" என்றார். ரூமையா பார்த்தார்?

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்த வாரம் முழுக்க எங்கள் இரண்டு பேர் கண்ணுக்கும் பேய்தான். முதலாளி சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று பார்த்தோம், சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று பார்த்தோம். அத்தான் ஒருநாள் முதலாளியின் மேஜைக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்து, அவர் கணினியில் என்ன செருகியிருக்கிறது என்று பார்த்தார். முதலாளி, "என்னய்யா தேடுற?" என்றார். "பேனா" என்றார் அத்தான். "உன் காதுல இருக்கு" என்றார் முதலாளி. எந்த லிஃப்டில் எந்தக் குரல் கேட்டாலும் அத்தான் நின்று காதைக் கொடுத்தார். போனில் "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்றால் வேலையை விட்டுவிட்டு அதையே கேட்டுக்கொண்டிருந்தார், அக்காவின் குரலைத் திருடி அதற்குள் ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று.

கடைசியில் அவராகவே முதலாளியிடம் கேட்டுவிட்டார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். முதலாளி சத்தம் போடவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. "அந்த ஆள் வந்தான், கேட்டான். உன் சம்சாரம் குரலைத்தான் முதல்ல கேட்டான். உடம்பு சரியில்லாத பொண்ணு குரலை விக்கறதாடான்னு சொல்லி அனுப்பிட்டேன். உங்கிட்ட சொன்னா நீ என்னை நம்ப மாட்டேன்னு தெரியும், அதான் சொல்லல" என்றார்.

அத்தான் நம்பவில்லை. ஆனால் வெளியே வரும்போது முகம் கொஞ்சம் மாறியிருந்தது. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள், கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. அத்தான் ஜன்னலோரம் நின்றார். நான் உட்காரக்கூட இல்லை.

"அந்த டேக்கெல்லாம் கடைசியா யாரு கையில இருந்துச்சு?" என்றார்.

"யாரு கையில?"

"எடிட்டர் கையில. நல்லது எது, கெட்டது எதுன்னு தெரிஞ்ச ஆளு நம்ம ஆபீஸ்ல ரெண்டே பேரு. ஒருத்தி வாசிச்சவ. இன்னொருத்தி வெட்டி ஒட்டறவ. அந்த மழைக்கோட்டுக்காரன் போறப்ப உன் ரூம்ல நின்னு பேசிட்டுத்தானே போனான்?"

"டாய்லெட் எங்கன்னு கேட்டான், அத்தான்!"

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க."

"எங்கக்கா குரலை நான் விப்பேனா? கூடப் பிறந்தவ குரலை? தான் திருடி பிறரை நம்பாள்னு சும்மாவா சொன்னாங்க? அந்த டிஸ்க்குக்குச் சாவி யாருகிட்ட இருக்கு? என்கிட்டயா? உங்ககிட்டயா? முதல்ல உங்க சல்லடையைக் காட்டுங்க, பாக்கலாம். இத்தனை வருஷமா சுவத்துக்கே காட்டிக்கிட்டிருக்கீங்களே, அதை எங்களுக்குக் காட்டுங்க!"

கத்திக்கொண்டே அழுதேன். அழுதுகொண்டே கத்தினேன். அத்தானும் ஏதோ கத்தினார். டக் என்று ஒரு சத்தம். அக்கா தண்ணீர் டம்ளரைத் தரையில் ஓங்கி வைத்திருந்தாள். குரலால் அடக்க முடியாதவள் வேறு என்ன செய்வாள்? இரண்டு பேரும் நிறுத்தினோம்.

"எதைத் தேடுறீங்க?" என்றாள். காற்றுதான் வந்தது, வார்த்தையை நாங்கள்தான் உதட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவளிடம் நாங்கள் இதுவரை சொல்லவில்லை. நோயாளி, வருத்தப்படுவாள் என்று மறைத்திருந்தோம்.

அத்தான் சொன்னார். நல்ல டேக் ஒன்றுகூட இல்லை என்றார்.

அக்கா முகத்தைச் சுளித்தாள். "ஏன் இல்லாம? எல்லாத்துலயும் ஓகே போட்டு வச்சிருக்கேனே."

"எதுல?"

"பேருலதான். கடைசியில. வேவ்னு முடியும் இல்ல, அதுக்கப்புறம் ஒரு புள்ளி வச்சு ஓகே. இவ அதைப் பாத்து எடுத்துப்பா, தன் காப்பியில ஓகேயை அழிச்சிட்டு வேலை செய்வா. நீங்கதானே குறிச்சு வைக்கச் சொன்னீங்க?"

ஆமாம், எனக்குத் தெரிந்ததுதான். அக்காவின் நல்ல டேக்குக்கு மட்டும் பெயரில் ஓகே என்று இன்னொரு துண்டு இருக்கும். அதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

அத்தான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இரட்டை வால்" என்றார்.

எனக்கு உடனே விளங்கவில்லை. அவரே விளக்கினார், யாரிடமோ சொல்வதுபோல. அந்தத் திருட்டு மின்னஞ்சல் வந்த பிறகு சல்லடையில் முதல் விதியாக ஒன்று சேர்த்திருந்தாராம். இரண்டு வால் உள்ள கோப்பு எதுவானாலும் ஏமாற்றுக்காரன். அதை உள்ளே திறந்துகூடப் பார்க்க வேண்டாம், நேரே வெளியே தள்ளு. மற்ற எல்லாவற்றுக்கும் உள்ளே எட்டிப் பார்க்கிற சல்லடை, இதற்கு மட்டும் பார்க்காது. பார்த்திருந்தால் ஒலி என்று அடையாளம் தெரிந்திருக்கும்.

போன வருடம், அக்காவுக்குத் தொண்டை கட்டிய புதிதில், பழைய டிஸ்க்குகளிலிருந்து புதியதற்கு மாற்றியபோது இந்தச் சல்லடையைத்தான் ஓட்டியிருக்கிறார். அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது அவர் முகத்தில் இருந்த பெருமிதம் எனக்கு நினைவு இருக்கிறது. "எத்தனை கள்ளன் உள்ள ஒளிஞ்சிருந்தான் தெரியுமா? கூட்டம் கூட்டமா! அத்தனையும் தள்ளிட்டேன்" என்றார். நாங்களும் சபாஷ் என்றோம்.

"பழைய டிஸ்க் இருக்கும்ல?" என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் நினைவுக்கு வந்துவிட்டது. பழைய டிஸ்க்கை எவனாவது வாங்கி உள்ளே இருப்பதைத் தோண்டி எடுத்துவிடுவான் என்று, மொட்டை மாடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் டிரில்லிங் மெஷினால் ஓட்டை போட்டவர் அவர். தூரத்தில் இருக்கிற கம்பெனியின் கணினியில் ஒரு நகல் வைக்கலாம் என்று முதலாளி சொன்னபோது, "அவன் யாரு, நம்மாளா?" என்று மறுத்தவரும் அவர்தான். வாடிக்கையாளர்களிடம் போனதெல்லாம் மணியோசையோ இசையோ கலந்து போனது. வேலை முடிந்த கையோடு என் காப்பிகளை அழிக்க வைத்தவரும் அவரேதான். ஒரு வழியையும் விட்டுவைக்கவில்லை மனிதர்.

அத்தான் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அக்காவின் நாற்காலிக் காலுக்குப் பக்கத்தில். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் அவரை ஒரு வாரம் கிண்டல் செய்யலாம், ஒரு வருடம் திட்டலாம், எல்லாவற்றுக்கும் எனக்கு உரிமை இருந்தது. ஆனால் அக்கா மடித்து வைத்த துணியை எடுத்து மறுபடி மடித்தேன்.

அக்காவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறிப்போய்ப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லாத சிரிப்பு. அவர் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உயிர் தப்பியது, குரல் போயிற்று. பேச்சுப் பயிற்சி அம்மாவிடம் நான்தான் விஷயத்தைச் சொன்னேன், கழித்துப் போட்டவை மட்டும்தான் மிச்சம் என்று. அவர் சாதாரணமாக, "அதுல பேச்சு இருக்கா?" என்றார். "இருக்கு. ஆனா தப்பும் தடுக்கலும்தான்." "தப்பா பேசினாலும் அவங்க குரல்தானே? இருமல், வேற ஆள் குரல் எல்லாத்தையும் வெட்டிட்டு, அவங்க பேசற இடமெல்லாம் கொண்டாங்க" என்றார்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம். அத்தானும் நானும் மாடியில் உட்கார்ந்தோம். இதுவரை ஒவ்வொன்றிலும் தடுக்கலோ இரைச்சலோ வந்த இடத்திலேயே அவர் நிறுத்தியிருந்தார். தப்பு என்று தெரிந்த பிறகு மேலே எதற்குக் கேட்க வேண்டும்? இப்போது முதல்முறையாகக் கடைசி வரை கேட்டோம்.

முதல் கோப்பு. "இந்த நடைமேடையில் நிற்கும் வண்டி" என்று அக்கா அழகாக வாசித்துக்கொண்டு போகிறாள். நடுவே கர்ர் என்று இன்டர்காம். அத்தானின் குரல், தூரத்தில், தகர டப்பாவுக்குள் இருந்து வருவதுபோல. "கேஸ் மூடினியா?" அக்கா ஒரு பெருமூச்சு விடுகிறாள். "மூடியாச்சு. ரெட் லைட் எரியுது பாருங்க."

அடுத்தது. "கதவுகள் திறக்கின்றன. தயவுசெய்து..." கர்ர். "வீட்டுச் சாவி உங்கிட்டயா எங்கிட்டயா?" "உங்க சட்டைப் பையில. கையை விட்டுப் பாருங்க. இருக்கா? ஆங்."

அடுத்தது. கர்ர். "கேஸ்..." "மூடியாச்சு, மூடியாச்சு, மூடியாச்சு! என்னை வேலை செய்ய விடுவீங்களா மாட்டீங்களா?" பிறகு சிரிப்பு.

தானாகத் தடுக்கியவையும் இருந்தன. பாதிக்கு மேல் இவரால் கெட்டவை. ஒன்றிலும் அவள் அவர் மேல் வன்மமாகப் பேசவில்லை. அலுப்பு இருந்தது, கேலி இருந்தது. ஒன்றில் இன்டர்காம் வெகுநேரம் அடிக்காமல் போக, டேக்கை அவளே நிறுத்தி, "என்ன, இன்னைக்கு ஆளைக் காணோம்?" என்று மாடியைக் கேட்டிருக்கிறாள்.

அதைக் கேட்டதும் அத்தான் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். எழுந்து போய் ஏசியின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் அவரைப் பார்க்காமல் வேலையைத் தொடர்ந்தேன். அவருடைய குரலை வெட்டி வெட்டி எடுத்தேன், அவளுடையதை ஒட்டி ஒட்டிச் சேர்த்தேன். அந்தக் கோபமெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

செயலி வந்தது. அக்காவின் போனில் ஏற்றினார்கள். அவள் அறிவிப்புக் குரலில் அது பேசவில்லை. எங்கள் வீட்டில் அவள் எப்படிப் பேசுவாளோ அப்படிப் பேசியது, கொஞ்சம் அவசரமும் கொஞ்சம் அலுப்புமாக. அத்தான் முதல் நாள் நம்பவே இல்லை. "இது அவதானா?" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "நீங்களே சோதிச்சுப் பாருங்க" என்றேன்.

மறுவாரம் டாக்டரைப் பார்க்கக் கிளம்பினோம். வாசலில் டாக்ஸி நின்றது. அக்கா செருப்பை மாட்டிக்கொண்டாள். அத்தான் கதவருகே நின்று, பழக்கதோஷம், வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"கேஸ் மூடினியா?"

கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகம் செத்துப்போயிற்று. அக்கா தலையைக் குனிந்து போனில் தட்டினாள்.

"மூடியாச்சு" என்றது போன்.

அதே 'மூ'. அதே இழுப்பு. அத்தான் ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் வெறுமையுமாக நின்றார். உள்ளே போகவில்லை.

"நல்லா மூடினியா?" என்றார்.

"மூடியாச்சு."

படி இறங்கும்போது இன்னொரு தடவை கேட்டார். டாக்ஸியில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டார். முதல் தெருமுனையில் கேட்டார். அக்கா அந்த வார்த்தையைத் திரையிலேயே வைத்திருந்தாள். அவர் கேட்கக் கேட்க, வெளியே வேடிக்கை பார்த்தபடியே விரலால் அமுக்கினாள். மூடியாச்சு. மூடியாச்சு.

டிரைவருக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடியில் பார்த்துச் சொன்னார், "சார், தப்பா நினைச்சுக்காதீங்க. அந்தம்மாதான் மூடிட்டேன்னு இத்தனை தடவை சொல்றாங்களே. நம்பக் கூடாதா?"

"நம்புறேம்ப்பா" என்றார் அத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அக்கா பக்கம் திரும்பி, "கேஸ் மூடினியா?" என்றார்.